2.5-ஐ ஃபோல்ட் செய்யாமல் விட்டது

சிவிடிபிஎஸ்2டிக்யூ (CVTPS2DQ) என்ற ப்ராசஸர் கட்டளைக்கு உள்ளீடு மாறிலியாக இருந்தால், விடையைக் கம்பைலரே முன்கூட்டிக் கணக்கிட்டு வைக்கும் (ஃபோல்ட் செய்யும்) பேட்ச் அது. அதில் ரிவ்யூ நின்றுபோனது ஒரே ஒரு நிபந்தனையில்: வெக்டரின் நான்கு லேனிலும் (எண் இடங்களிலும்) 3.0 போல முழு மதிப்பு இருந்தால் ஃபோல்ட் செய்யலாம்; ஒரு லேனில் 2.5 வந்தாலும் விட்டுவிட வேண்டும்.

சிவிடிபிஎஸ்2டிக்யூ நான்கு ஃப்ளோட்களை 32-பிட் முழு எண்களாக்கும். எந்தப் பக்கம் ரவுண்ட் செய்வது என்பதை எம்எக்ஸ்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் 13, 14-ஆம் பிட்கள் ஓடும் நேரத்தில் முடிவு செய்யும். இயல்பு நிலையான நியரஸ்ட் மோடில் 2.5 இரட்டைப்படைப் பக்கம் போய் 2 ஆகும். யாராவது மேல்நோக்கி என்று மாற்றிவைத்திருந்தால் 3. கம்பைல் செய்யும்போது இது தெரியாது. 3.0 எந்த மோடிலும் 3தான். (பெயரில் ஒரு 'டி' கூடுதலாக உள்ள சிவிடிடிபிஎஸ்2டிக்யூ எப்போதும் பூஜ்யத்தை நோக்கியே வெட்டும், அதில் தகராறே இல்லை.)

"ஆட்பிஎஸ் கூட்டலை நியரஸ்ட் மோடு என்று வைத்துக்கொண்டுதானே ஃபோல்ட் பண்றோம்? இதுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் வெச்சிருக்கீங்க?" என்று ரிவ்யூவர் கேட்டார்.

கூட்டலில் கடைசி பிட்தான் மாறும், இங்கே முழு எண்ணே மாறுகிறது, அது டேபிள் இண்டெக்ஸாக இருந்தால் வேறு வரிசையைப் படித்துவிடும் என்பது என் பதில். பேட்ச் உள்ளே போய்விட்டது.

பதில் சரிதானா? மோடை மாற்றுகிறவர்களில் இன்டர்வல் கணக்கு (விடையை ஒரே எண்ணாக அல்லாமல் இரு எல்லைகளாகத் தருவது) போடுகிறவர்கள் உண்டு. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் தனித்தனியாக ரவுண்ட் செய்யும் அவர்களுக்கு அந்தக் கடைசி பிட்தான் எல்லாமே. அவர்களுடைய ஆட்பிஎஸ்-ஐ ஃபோல்ட் செய்துகொண்டே, இங்கே மட்டும் ஜாக்கிரதை காட்டியிருக்கிறேன்.

விலையும் சின்னதல்ல. மாற்றிய எண்ணால் ஒரு லூப்பில் பெருக்குகிறார்கள் என்று வையுங்கள். நான்கு லேனும் 2 என்று ஃபோல்ட் ஆகியிருந்தால் பெருக்கல் பிஏடிடிடி என்ற கூட்டல் கட்டளை ஆகிவிடும், ஒரு சைக்கிள். ஃபோல்ட் ஆகாவிட்டால் மாற்றும் கட்டளையை லூப்புக்கு வெளியே தூக்கிவிடலாம். ஆனால் பெருக்கல் கட்டளையான பிஎம்யுஎல்எல்டி உள்ளேயே கிடக்கும். இன்டெலின் ஹாஸ்வெல் ப்ராசஸரில் அதன் லேட்டன்சி (விடை வரும் வரை ஆகும் நேரம்) 10 சைக்கிள்.

ஆனாலும் இன்ட்ரின்சிக்கை (ஒரு கட்டளையை நேரடியாகக் குறிக்கும் ஃபங்ஷனை) கையால் எழுதுகிறவர் அந்தக் கட்டளையின் நடத்தையை அப்படியே கேட்கிறார் என்ற வாதத்தை விட மனம் வரவில்லை. ஆட்பிஎஸ்ஸையும் இன்ட்ரின்சிக்காகத்தான் எழுதுகிறார்கள் என்பது உடனே நினைவுக்கு வருகிறது. ரவுண்டிங் மோடை மதிக்கச் சொல்லும் கம்பைலர் ஃப்ளாக் ஒன்றே இரண்டையும் ஆள வேண்டும். ஃப்ளாக் இல்லாதபோது 2.5-உம் ஃபோல்ட் ஆக வேண்டும். அதற்கான டெஸ்ட் எழுதிவைத்தாயிற்று. நிபந்தனையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.