பத்து மீட்டர் முன்னால்

ரயில்வேயில் 39 வருடம் சம்பளம் வாங்கினேன். அதில் முதல் பதினோரு வருடம் என் உண்மையான வேலை ஓட்டம்தான். 4×100 மீட்டர் ரிலேயில் மூன்றாவது ஆள், அதாவது கடைசி வளைவில் ஓடுகிறவள். இரண்டு முறை இந்தியாவுக்காக வெளிநாட்டில் ஓடியிருக்கிறேன்.

ஊர் சென்னிமலை. முருகன் கோயிலுக்குப் போகும் 1,320 படிகள்தான் முதல் மைதானம். அப்பா குழித்தறியில் போர்வை நெய்தார். அவர் கயிற்றைச் சுண்டினால் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓடும். அதை அவர் பார்க்கவே மாட்டார், கண் துணியிலேயே இருக்கும். "நாடா வந்து சேருமான்னு பாத்துட்டிருந்தா கை நின்னு போயிருங் கண்ணு" என்பார். அந்தப் பேச்சின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதே ஒலிம்பிக்கில் நம் பெண்கள் 4×400 ரிலேயில் இறுதிப் போட்டிவரை போய் ஏழாவதாக வந்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய சேதி. அடுத்த வருடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தது. ஈரோடு அப்போது பாலக்காடு கோட்டத்தில் இருந்தது. சேலம் கோட்டம் வந்தது 2007-இல்தான். காலையில் பயிற்சி, அப்புறம் டிக்கெட் கவுண்டர், சாயங்காலம் மறுபடி வ.உ.சி. பூங்கா மைதானம்.

ரிலேயில் பேட்டன் கை மாறும் இடம் அன்று 20 மீட்டர். அதற்கு முன்னால் வேகம் எடுக்க இன்னும் 10 மீட்டர் உண்டு. அங்கே நின்றுகொண்டு, பின்னால் அடி எண்ணி ஒரு அடையாளம் வைப்போம். வருகிறவள் அந்த அடையாளத்தைத் தொட்டதும் நான் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் "ஹேண்ட்" என்று கத்தியதும் வலது கையைப் பின்னால் நீட்ட வேண்டும். ஒரு சாண் நீளத்துக்குச் சற்றே கூடுதலான குழல், 50 கிராமுக்கு மேல் கொஞ்சம் எடை. அது உள்ளங்கையில் வந்து விழும்போது இரண்டு பேருமே பறந்துகொண்டிருக்க வேண்டும். நன்றாக அமைந்த நாளில் அதை வாங்கினதே தெரியாது. அந்தச் சுகத்துக்கு ஈடாக நான் வேறெதையும் அனுபவித்ததில்லை.

ஒரு தேசியப் போட்டி. அதற்கு முந்தைய வாரம் பயிற்சியில் நான் சீக்கிரம் கிளம்பிவிட, பேட்டன் என்னை எட்டவே இல்லை. அந்தப் பயம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. போட்டியன்று எனக்குப் பேட்டன் தருகிற இரண்டாவது ஆள் அடையாளத்தைத் தாண்டிய பிறகும் நான் ஒரு கணம் நின்றேன். வந்து சேருவாளா என்று பார்த்தேன். அவள் என் முதுகில் ஏறாத குறையாக வந்து பேட்டனைக் கையில் திணித்துவிட்டாள். 20 மீட்டர் இன்னும் தொடங்கவே இல்லை. மஞ்சள் கொடி உயர்ந்தது. எங்கள் அணி தகுதி நீக்கம்.

"அவசரப்பட்டுக் குடுத்துட்டா" என்று எல்லோரும் அவளைத்தான் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. அடுத்த முகாமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. என் இரண்டு வெளிநாட்டுப் பயணமும் அதற்குப் பிறகுதான்.

2018-19 விதிப்புத்தகத்தில் அந்த 10 மீட்டரையும் சேர்த்து 30 மீட்டராக்கிவிட்டார்கள். அதாவது அன்று அவள் கொடுத்தது இன்று செல்லும். படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் எண்ணைத் தேடிப் பிடித்து அவளிடம் பேசினேன். தாராபுரத்துப் பக்கம் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். தப்பு என்னுடையது, நான்தான் கிளம்பாமல் நின்றேன் என்று முப்பது வருடம் கழித்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "தெரியுமுங்க்கா. நீங்க நிக்கறது வளைவுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். "வேகத்தைக் கொறைச்சிருக்கலாம். மனசு வரலீங்க. அன்னைக்கு நான் ஓடுன மாதிரி என்னைக்குமே ஓடுனதில்லை."

இப்போது சாயங்காலம் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரிலே சொல்லித் தருகிறேன். பேட்டன் கீழே விழுந்தால் எல்லோரும் கொடுத்தவளைத்தான் பார்க்கிறார்கள். நான் வாங்குகிறவள் பக்கத்தில் போய் நின்று, அவள் கால் எப்போது கிளம்புகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். போன மாதம் ஒரு சின்னப் பிள்ளை நான் நின்ற மாதிரியே நின்றாள். அவளைத் தனியாகக் கூட்டிப்போய் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். "அந்த அக்கா இப்ப வருவாங்களா?" என்று கேட்டாள். தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.