இரவல் மேசையிலிருந்து
நூலக வேலையில் கொஞ்ச நாள் போனதும் ஆட்களை எண்ணாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. 398.2 என்றால் நாட்டுப்புறக் கதை. 523 கோள்கள், நட்சத்திரங்கள். 567.9 டைனோசர். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகும் எங்கள் அடுக்குகளில் இருக்கிறது. ஒருவருடைய வாசிப்பு வளர்வதை இந்த எண்கள் நகர்வதில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அது படிப்படியாக ஏறும் என்றுதான் நினைத்திருந்தேன். படக்கதை, அப்புறம் சிறுவர் கதை, அப்புறம் நாவல். அப்படி ஒழுங்காக ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு சிறுவன், எட்டு வயது இருக்கும். ஒரே டைனோசர் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தான். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, "இதையே எத்தனை தடவைப்பா படிப்ப? வேற நல்லதா எடுத்துட்டு வா" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் அட்டையில் தேதி விழவே இல்லை.

பேச்சு மாதிரி வாசிப்பு தானாக வருவதில்லை. தேர்ந்த வாசகரின் கண்கூட வரியில் வழுக்கிக்கொண்டு ஓடாது. தத்தித் தத்தித்தான் போகும், ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. பழகாத பிள்ளைக்கு நிறுத்தங்கள் இன்னும் அதிகம், இன்னும் நீளம். எழுத்துக் கூட்டுவதிலேயே கவனமெல்லாம் தீர்ந்துபோனால் கதைக்கு என்ன மிஞ்சும்? தெரிந்த புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போதுதான் சொற்கள் பார்த்த மாத்திரத்தில் பிடிபடுகின்றன. அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை, உழைத்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அவன் போன பிறகு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

பதின்ம வயதில் நிறையப் பேர் காணாமல் போவார்கள். தேர்வு வழிகாட்டிக்காக வருவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பல வருடம் கழித்துத் திரும்புகிறவர்கள் வேறு வாசல் வழியாக வருகிறார்கள்: 649, பிள்ளை வளர்ப்பு. அல்லது 616, நோய்கள். இந்த எண்ணை எடுப்பவரின் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தக் கற்றுக்கொண்டேன். ஒரு பெண்மணி மாதக்கணக்கில் 616இலேயே இருந்தார். ஒருநாள் 155.937 எடுத்தார், மரணம் பற்றிய அடுக்கு. பிறகு நீண்ட இடைவெளி. அப்புறம் வந்தவர் நாவல் வரிசைக்கு முன்னால் நின்று, "எதிலிருந்துங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். இருப்பதிலேயே மெலிசானதைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து அடுத்ததைக் கேட்டார்.

நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு நடுவே இருப்பவனுக்கு வாசிப்பு நின்றுபோகும் என்று என்னை யாரும் எச்சரிக்கவில்லை. முதுகில் உள்ள தலைப்பு, பின்னட்டை, பொருளடக்கம், அவ்வளவுதான். சில ஆண்டுகள் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாக முடிக்கவில்லை. திரும்பி வந்த நூல்களைத் தள்ளுவண்டியிலிருந்து அடுக்கும்போது ஒருநாள் அந்த டைனோசர் புத்தகம் கைக்கு வந்தது. யாரோ எடுத்துப் போய்க் கொடுத்திருந்தார்கள். நின்றபடியே முடித்தேன். மறுநாள் இன்னொரு முறை. இப்போதும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் படிக்கிறேன். மேசையில் உட்கார்ந்தால் வேலை பார்ப்பது போல ஆகிவிடுகிறது.