கற்கோடரியா, வெறுங்கல்லா?

நிலத்தில் கிடைத்த கல் பழங்காலக் கோடரியா என்று மெட்டல் டிடெக்டர் சொல்லாது; அது கல்லுக்குக் கத்தாது. காந்தத்தாது கலந்த டாலரைட் என்ற கரும்பாறை மட்டும் சில சமயம் ஏமாற்றும். வம்பு என்னவென்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதிய கற்காலக் கோடரிகளில் பலவும் அதே டாலரைட்தான்.

ஆற்றுக்கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழவழக்கும். கோடரியில் வெட்டும் வாய்ப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். இருபுறச் சரிவும் ஒரே கோட்டில் கூடும். பின்முனை குறுகி, கொத்திய புள்ளிகளோடு சொரசொரப்பாக இருக்கும். சாய்வான காலை வெயிலில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: தீட்டிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். ஏர்க்கொழு பட்ட சில்லு பளிச்சென்று புதிதாகத் தெரியும். பழைய சில்லில், காலப்போக்கில் கல்லின் மேல் படிந்த மேல்தோலின் நிறமே ஏறியிருக்கும். சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், அந்தத் தோல்தான் சாட்சி.

மண்ணுக்குள் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.