கை வைக்காமலே எழுதிய டேப்லெட்

வாங்கிய எட்டாவது மாதத்தில் என் டேப்லெட்டுக்குப் பேய் பிடித்தது. பிடிஎஃப் பக்கங்களில் பேனாவால் மெய்ப்புத் திருத்துவதுதான் அதில் எனக்கு முக்கியமான வேலை. ஒரு நாள் ஒரு சொல்லைச் சுழித்துவிட்டுக் கையை எடுத்தேன், பக்கம் தானாகப் புரண்டது. திரும்பி வந்தேன், மறுபடி புரண்டது. கீபோர்டைத் திறந்தால் வலது ஓரத்து எழுத்து ஒன்று வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. ஸ்கிரீனை அணைத்துப் பத்து நிமிடம் மேஜையில் வைத்தேன், சரியாகிவிட்டது. அரை மணி நேரம் வேலை செய்ததும் பழையபடி ஆரம்பித்தது.

சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். முதல் சந்தேகம் சார்ஜர் மேல். டச் ஸ்கிரீனின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஒன்று இருக்கிறது. விரல் நெருங்கும்போது அதில் உண்டாகும் மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று அது கணக்குப் போடுகிறது. மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலே அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், பேய் போகவில்லை. ஸ்கிரீன் மேல் ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்தேன். நாமாகப் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாத சேஃப் மோடில் வைத்தேன். கடைசியாக, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட்டும் செய்தேன். எதற்கும் அசையவில்லை. சரி, சாஃப்ட்வேர் இல்லை, உள்ளே பேனலில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன்.

நான் முடிவு கட்டினால் போதுமா? சர்வீஸ் சென்டர் கவுண்டரில் எடுத்து நீட்டியபோது அது சாதுவாக இருந்தது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடுமே, அப்படி. அங்கே இருந்தவர் நாலு மூலையிலும் விரலால் தேய்த்துப் பார்த்தார். “நல்லாத்தானே சார் இருக்கு” என்றார். அரை மணி நேரம் ஓடினால்தான் தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு ஜாப் ஷீட்டில் ‘டச் ப்ராப்ளம்’ என்று இரண்டே சொல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நானும் படிக்காமல் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்த தாளில் ‘கோளாறு எதுவும் காணப்படவில்லை, சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்பட்டது’ என்று இருந்தது. அன்று இரவே பக்கம் புரள ஆரம்பித்தது.

இரண்டாம் முறையும் அதே கதை, ஒன்பது நாள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனுக்கு நான் யாரென்று தெரியாது, அந்த இரண்டு சொல்தான் தெரியும். எடுப்பார், தொடுவார், வேலை செய்யும், திருப்பி அனுப்புவார். அவர் மேஜையில் டேப்லெட் ஒருநாளும் சூடாகியிருக்காது.

மூன்றாம் முறை போவதற்கு முன்தான் புத்தி வந்தது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் இருக்கும் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் பகுதி திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷன் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் விரல் போகும் வழியெல்லாம் ஸ்கிரீனில் கோடாக விழும். மேலே ஒரு பட்டையில் இப்போது எத்தனை விரல் படுகிறது, எந்தப் புள்ளியில் படுகிறது என்று எண்கள் ஓடும். டேப்லெட்டை மேஜையில் மல்லாத்தி ஒரு வீடியோவை ஓடவிட்டுச் சூடாக்கினேன். போனை மேலிருந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இருபத்தேழாவது நிமிடத்தில் ஸ்கிரீனின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு துடித்தது. அப்புறம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. பட்டையில் ‘பி: 1 / 1’ என்று இருந்தது. முன்னால் இருக்கும் எண்தான் இப்போது படும் விரல்களின் எண்ணிக்கை. அதாவது ஒரு விரல் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று டேப்லெட்டே சொல்கிறது. என் இரண்டு கையும் போனைப் பிடித்திருந்தன. பக்கத்தில் கடிகாரத்தையும் டேப்லெட்டின் பின்பக்கத்து சீரியல் நம்பரையும் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம் பிடித்துக்கொண்டேன்.

இந்த முறை கவுண்டரில் முதலில் வீடியோவைத்தான் நீட்டினேன். முப்பது விநாடி பார்த்தவர் எழுந்து போய் உள்ளிருந்து டெக்னீஷியனையே கூட்டி வந்துவிட்டார். ஜாப் ஷீட்டில் என்ன எழுத வேண்டும் என்று நானே சொன்னேன்: சுமார் 30 நிமிடப் பயன்பாட்டுக்குப் பின், வலது ஓரத்தில், தொடாமலே தொடுகை பதிவாகிறது, வீடியோ உண்டு, இது மூன்றாவது முறை. ஒரு மூலையில் இருந்த கீறலை அவர் ‘டேமேஜ்’ என்று எழுதப் போனார், விடவில்லை. கீழே போட்டு உடைத்ததற்கு வாரண்டி கிடையாது, அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே பின்னால் கையை விரித்துவிடலாம். ‘மேற்பூச்சில் சிறு கீறல், நெளிவு இல்லை’ என்று மாற்றி எழுத வைத்தேன். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. விழட்டும்.

கொடுப்பதற்கு முன் என் கூகுள் கணக்கையும் நீக்கியிருந்தேன். அதைச் செய்யாமல் கொடுத்தால், அவர்கள் அழித்துப் புதிதாக ஏற்றினாலும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். திருட்டைத் தடுக்க ஆண்ட்ராய்ட் 5.1 காலத்தில், 2015இல், வந்த பூட்டு அது. முதல் தடவை இதை மறந்துவிட்டு, போனில் பாஸ்வேர்டைக் கேட்டபோது தர மறுத்து, நேரில் போய் நீக்கிவிட்டு வந்தேன்.

கோளாறை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் டிஸ்ப்ளே பேனல் ஸ்டாக் இல்லை. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம். “வந்ததும் கூப்பிடுறோம் சார்.” ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் வேறொருவர் எடுத்தார், கதையை முதலிலிருந்து சொன்னேன். ஐந்தாவது வாரம் போனை விட்டுவிட்டு மின்னஞ்சலில் இறங்கினேன். திட்டி எழுதவில்லை. மூன்று ஜாப் ஷீட் எண்கள், மூன்று தேதிகள், டேப்லெட் இதுவரை மொத்தம் எத்தனை நாள் அவர்களிடம் கிடந்தது என்ற கணக்கு, அவ்வளவுதான். கடைசியில் அவர்களுடைய வாரண்டி அட்டையில் இருந்த வாசகத்தையே எடுத்துப் போட்டேன்: பழுது நீக்கித் தருவோம், முடியாவிட்டால் அதே மாடலோ அதற்கு இணையானதோ தருவோம். பாகம் வரும் தேதியை எழுத்தில் தாருங்கள், இல்லையென்றால் இரண்டாவது வழிக்கு வாருங்கள் என்று முடித்தேன். மூன்றாம் நாள், இதுவரை நான் கேட்டிராத ஒரு குரல், மேலதிகாரி போலிருக்கிறது, அழைத்தது. அடுத்த தலைமுறை மாடலைத் தருகிறோம் என்றது.

அந்த இடத்தில் சந்தோஷத்தில் ஆமாம் என்றிருப்பேன். ஏதோ ஒன்று உறுத்த, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று கேட்டேன். 64 ஜிபி. என்னுடையது 128. புது மாடல்தானே சார் என்றார்கள். புதுசாக இருக்கலாம், இணையானது இல்லையே என்றேன். இரண்டு நாள் கழித்து 128 ஜிபி வந்தது. பிரிக்காத பெட்டியா, பழுது பார்த்து மறுபடி விற்பதா என்றும் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்டேன். பிரிக்காத பெட்டிதான்.

வாரண்டி புதிதாக ஒரு வருடம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் நாள் அல்லது 90 நாள், எது அதிகமோ அது. எனக்கு மிச்சம் இரண்டு மாதம்கூட இல்லாததால் 90 நாள். இன்னொன்றையும் அங்கேயே நின்று வாங்கினேன். என் பில்லில் இருப்பது பழைய சீரியல் நம்பர். இதற்குப் பதில் இது தரப்பட்டது என்று இரண்டு நம்பரும் போட்ட கடிதம் இல்லாவிட்டால், அடுத்த முறை அதே கவுண்டரில் இது உங்கள் பில்லே இல்லையே என்பார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் மற்ற கணக்கு தெரிந்தது. பழைய உறை பொருந்தவில்லை, கேமரா இடம் மாறியிருக்கிறது. ஹெட்போன் ஓட்டையே இல்லை. பேனா எழுதவில்லை. இதற்கு வேறு வகைப் பேனாவாம், தனியாக வாங்க வேண்டும். போட்டோவெல்லாம் இணையச் சேமிப்பில் பத்திரமாக ஏறியிருந்தது. ஆனால் கையெழுத்துக் குறிப்புகள் வைத்திருந்த ஆப் எதையும் அங்கே அனுப்பியிருக்கவில்லை. முதல் ரீசெட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது, அழித்தது நான்தான். எட்டு மாதத்துக் குறிப்புகள்.

அன்று இரவு எதையும் ஏற்றாமல் புதியதில் பாயின்டர் லொகேஷனை மட்டும் போட்டேன். ஒருமுறை தொட்டு விரலை எடுத்துவிட்டு, வீடியோவை ஓடவிட்டு மேஜையில் மல்லாத்தி வைத்தேன். ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டையில் ‘பி: 0 / 1’ அப்படியே நின்றது. வலது ஓரத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. அதற்கப்புறம்தான் கணக்கைத் திறந்து, ஆப்களை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன்.