32-ல ஒண்ணு

மூணு நாளா வீட்டுக்குள்ள ஹெலிகாப்டர் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. "அந்த மிக்ஸியை நிறுத்துடா"ன்னு அடுப்படியிலிருந்து அம்மா கத்துறாங்க. மிக்ஸி அவங்ககிட்டதான் இருக்கு. சத்தம் போட்டது சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தை ரிச்சி ஸ்ட்ரீட்ல நான் வாங்கிட்டு வந்த பழைய சர்வர், அதாவது ஆபீஸுக்கெல்லாம் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர்.

உள்ள ரெண்டு பிராசசர் (சிபியு), இன்டெல் ஜியான் இ5-2670. ஒண்ணுக்கு 8 கோர், அதாவது தனித்தனியா வேலை பார்க்கிற 8 மூளை. ஒரு கோரை ரெண்டாக் காட்டுற ஹைப்பர்த்ரெட்டிங்ல 16. ஆக மொத்தம் 32. மெஷினைப் போட்டதும் முதல்ல வர்ற பயாஸ் திரையில ரெண்டு பிராசசரும் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி ஜோடியா நிக்குது. லினக்ஸுக்குள்ள போய், கோருக்கு ஒரு கோடுன்னு வரைஞ்சு காட்டுற ஹெச்டாப் தட்டினா ஒத்தைக் கோடு.

விடுவேனா? ரெண்டு சிபியுவையும் கழட்டி இடம் மாத்தினேன். தெர்மல் பேஸ்ட் தீர்ந்துபோய் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரெல்லாம் அலைஞ்சேன். லினக்ஸோட அடிப்படையான கர்னலை மாத்தினேன். பயாஸ் அப்டேட் பாதியில கரண்ட் போயிடக்கூடாதுன்னு குலசாமிக்கு 101 ரூபா முடிஞ்சு வெச்சேன். சிபியு விவரம் சொல்ற எல்எஸ்சிபியு கட்டளையை அடிச்சா 'ஆன்லைன் 0, ஆஃப்லைன் 1-31'ன்னு, அதாவது 0-ம் நம்பர் மட்டும் ஓடுது, மிச்சம் அணைஞ்சிருக்குன்னு தெளிவா சொல்லுச்சு. நானும் தெளிவா படிச்சேன். 31 உருப்படி செத்துப்போச்சு, கடைக்காரன் தலையில கட்டிட்டான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆட்டோவுல மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். போற வழியெல்லாம் வசனம் ஒத்திகை. கடையில இருந்தது மீசை முளைக்காத ஒரு பையன். என்னைக் கத்தி முடிக்க விட்டுட்டு, "மெமரி எவ்ளோ சார் காட்டுது?"ன்னான்.

"64 ஜிபி. அது ஃபுல்லா காட்டுது."

"பாதி மெமரி ஸ்லாட் ரெண்டாவது சிபியுலதான் சார் தொங்குது. அது செத்திருந்தா 32-தான் வந்திருக்கும். டிஸ்க் உங்களுதா?"

என்னுதுதான். பழைய பிசியிலிருந்து எஸ்எஸ்டி டிஸ்க்கை, உள்ள இருந்த லினக்ஸோட அப்படியே உருவி இதுல சொருகியிருந்தேன். லினக்ஸ் எப்படி எந்திரிக்கணும்னு எழுதி வைக்கிற கிரப் ஃபைலைப் பையன் திறந்தான். மேக்ஸ்சிபியுஸ்=1, அதாவது ஒரு கோருக்கு மேல எழுப்பாதே. அந்தப் பழைய பிசி பூட் ஆகும்போதே தொங்கும். ஒத்தை கோர்ல விட்டாத்தான் எந்திரிக்கும். அதுக்காக நானே போட்ட பூட்டு. மேல ஒரு வரி குறிப்பு வேற: 'தற்காலிகம். நாளைக்கு எடுத்துடணும். 14-3-2019.'

பையன் சிரிக்கலை. டீ சொன்னான். சிரிச்சிருந்தா கூட ராத்திரி தூங்கியிருப்பேன்.

பூட்டை எடுத்தாச்சு, வீட்டுக்கு வந்ததும் 32 கோடும் வரிசையா நிக்குது. எதுக்கு வாங்கினோமோ அந்த வேலையைப் பார்ப்போம்னு, குடும்ப போட்டோவையெல்லாம் வருஷவாரியா அடுக்க நான் எழுதின பைத்தான் ஸ்கிரிப்டை ஓட விட்டேன். அதுக்கு ஒரு கோர்தான் ஓட்டத் தெரியும். ஒண்ணு மட்டும் முழுசா பச்சை, மிச்சம் 31-ம் காலி. மூணு நாளா நான் பார்த்து எரிஞ்ச அதே காட்சி.

சரி, தொலையட்டும்னு ஆஃப் பண்ணப் போனேன். சர்வருக்குப் பின்னாடி நாற்காலி, அதுமேல அம்மாவோட பேத்தி யூனிஃபார்ம். ஒரு வாரமா மழை விடலை இல்லையா, அந்தச் சூட்டுக் காத்துல காயப்போட்டிருக்காங்க அம்மா.

"கை வைக்காதடா. சாக்ஸ் இன்னும் ஈரமா இருக்கு."