நான்கு தூண்களும் ஒரு காலி இடமும்

சிங்கப்பூருக்கு அப்பா வந்த முதல் வாரத்திலேயே மெர்லயன், தேக்கா, தாவரப் பூங்கா எல்லாம் பார்த்து முடித்தாகிவிட்டது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஜப்பான்காரன் காலத்துல செத்தவங்களுக்கு இங்க ஏதாவது கட்டியிருக்காங்களாப்பா?"

அவருடைய பெரியப்பா மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனவர். 1942-க்கு அப்புறம் ஊருக்கு அவரிடமிருந்து கடிதம் வரவே இல்லை.

ஞாயிறு காலை நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினோம். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் பீச் ரோட்டில் போர் நினைவுப் பூங்கா. 60 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்களைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்ற இனத்தார் என்று ஆளுக்கொரு தூண். நான்கும் அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 1967 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்து சரியாக 25 ஆண்டுகள் கழித்து, பிரதமர் லீ குவான் இயூ இதைத் திறந்துவைத்தார்.

பலருக்கு இது ஒரு தூண் மட்டும்தான். நானே பல வருஷம் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். ஆனால் இது ஒரு சமாதி. 1962-ல் சிக்லாப் பக்கம் மண்ணைத் தோண்டியபோது, போர்க்காலத்தில் கொன்று புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அப்புறம் மற்ற இடங்களிலும் தோண்டி எடுத்து, 606 தாழிகளில் வைத்து இங்கே அடக்கம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 1942-ல் ஜப்பானியர் நடத்திய சூக் சிங் படுகொலையில் மாண்ட சீனர்கள்.

இதைச் சொன்னதும் அப்பா படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "கீழ ஆளுங்க இருக்காங்கல்ல" என்றார். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் பொறித்திருக்கிறார்கள். தமிழ் இருந்த பக்கம் போய், ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவி வாசித்தார். வெயில் ஏறி, கல் சுட ஆரம்பித்திருந்தது. அவர் நகரவில்லை.

அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். கனாட் டிரைவ் முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல். 1922-ல் திறந்த செனட்டாஃப் என்ற போர்வீரர் நினைவுச் சின்னம், டான் கிம் செங் நீரூற்று எல்லாம் வழியிலேயே வரும். எங்களுக்கு வேண்டியது இந்திய தேசிய ராணுவ நினைவிடம். 1945 ஜூலை 8-ல் நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற சொற்களைத் தாங்கி நின்ற அந்தச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் சீக்கிரமே இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது 1995-ல் வைத்த ஓர் அடையாளப் பலகை. அதிலும் தமிழ் உண்டு.

ஜப்பானியரின் ஆதரவோடு பிரிட்டிஷாரை எதிர்த்த அந்தப் படையில் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதே ஜப்பானியர்கள் அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்ச் சாகவிட்டார்கள். பெரியப்பா எந்தப் பக்கம் போனாரோ, வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பா அங்கேயும் கை கூப்பி நின்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"தமிழ் எழுத்து மட்டும் தெரியற மாதிரி ஒண்ணு எடுப்பா. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. சித்தப்பாவுக்கு ரெண்டையும் அனுப்பணும்."

வந்த வழியே மறுபடியும் தூண்களுக்கு நடந்தோம்.