தோட்டாப் பதிவேட்டின் ஆறாம் நிரல்

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை பார்த்தேன். காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் ஆள் பிரிப்பது, கொழுந்து நிறுப்பது, கவ்வாத்துக் கணக்கு எழுதுவது ஆகியவற்றோடு, 1998ஆம் ஆண்டு முதல் தோட்டத்துத் துவக்கும் (துப்பாக்கி) என் பொறுப்புக்கு வந்தது. இரட்டைக் குழல் கொண்ட, ‘பன்னிரண்டு போர்’ என்ற குழல் அளவுள்ள பழைய துவக்கு அது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அதற்கு வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். துவக்கு அலுவலகத்தின் இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்க, அதற்குப் பக்கத்திலேயே தோட்டாப் பதிவேடு இருக்கும். திகதி, மலை (தேயிலைப் பிரிவு) இலக்கம், கொடுத்த தோட்டா, திரும்பி வந்த வெற்றுக்கூடு, பட்ட விலங்கு என ஐந்து நிரல்கள் அச்சிலேயே இருந்தன. எனக்கு முன்பிருந்தவர்களில் யாரோ ஒருவர் மையால் கோடு இழுத்து ஆறாவது நிரல் ஒன்றைச் சேர்த்து, அதன் தலைப்பில் “உடல் கிடந்த இடம்” என்று எழுதியிருந்தார். முதலில் எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் பட்டது.

எங்களுக்குச் சட்டப்படி வெடி வைக்கக்கூடிய, அதாவது சுடக்கூடிய, பெரிய விலங்கு காட்டுப்பன்றி ஒன்றுதான். மரை (கடமான்), புள்ளிமான், சிறுத்தை எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. லயம் என்னும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தொழிலாளர்கள் போட்டிருக்கும் உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவு புகுந்து போனால், விடியும்போது மண்ணைப் புரட்டிப் போட்ட உழவுதான் மிஞ்சும். அந்தக் கிழங்கை நம்பி அடகு வைத்த காதுத் தோட்டை மீட்கக் காத்திருக்கும் வீடு எது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, பன்றிக்கு வெடி வைக்கலாமா என்ற கேள்வி எனக்கு எழுந்ததில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து என்ற கேள்வியும் 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரைக்கும் எழவில்லை.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் காலம். ஏழாம் நம்பர் மலையின் மேல் ரோட்டில், மாலை ஆறு மணி கடந்து, நானும் காவல்காரரும் நின்றிருந்தோம். அவருக்கு அறுபது வயது இருக்கும், படிப்பு இல்லை. பன்றியின் காது ஆடுவது வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெடி வைக்கக்கூடாது என்பது அவர் வைத்திருந்த அளவு. அன்று, ஓடைக்கு அந்தப் பக்கம், கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் ஒரு பெரிய ஒற்றைப் பன்றி நின்றது. எனக்கு உடல் தெரிந்தது, காது தெரியவில்லை. காவல்காரர் என் முழங்கையைத் தொட்டு, “வேணாங்கய்யா, எட்டத்துல நிக்குது” என்றார். நான் சுட்டேன். மறுநாள் நாடா பிடித்து அளந்தபோது அது 80 யாருக்குச் (கெஜம்) சற்றுக் கூடுதலாக இருந்தது. எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டாவில் ஒன்பது ரவைகள்தான் உண்டு. 40 யாருக்குள் அவை சேர்ந்து போய் ஒரு பன்றியை நின்ற இடத்திலேயே விழுத்தும். அதைக் கடந்தால் ஒவ்வொன்றும் தன் பாட்டில் போகும். பன்றி வீரிட்டு விழுந்து, எழுந்து, தேயிலைக்குள் நுழைந்து மறைந்துவிட்டது.

“காலையில் பார்ப்போம்” என்றேன். அதற்குள் பனிமூட்டமும் இறங்கியிருந்தது. காயம்பட்ட பன்றியை இருட்டில் இடுப்பளவு தேயிலைக்குள் தேடிப் போவது மடத்தனம் என்பதால் அந்த முடிவு சரியானதுதான். ஆனால், போகாமல் இருக்க ஒரு நியாயம் கிடைத்ததே என்று என் மனம் அப்போது இளகியதை நான் கவனித்தேன், அது சரியில்லை. காவல்காரர் துவக்கை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “வெடி வச்சவுங்கதாங்கய்யா போயிப் பாக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

விடிந்து பிரட்டுக்கு முன்பே போனோம். பன்றி நுழைந்த இடத்தில் தேயிலை இலைகளின் மேல், என் முழங்கால் உயரத்தில், இரத்தம் காய்ந்திருந்தது. காவல்காரர் ஓர் இலையைக் கிள்ளி, விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் வெளிர்ச் சிவப்பாக நுரைத்திருக்கும். இதுவோ கறுத்த சிவப்பு, இடையிடையே பச்சை கலந்த சளி. “கொடலுங்க” என்றார். குடலில் பட்ட விலங்கு உடனே சாகாது; மணிக்கணக்காக, சில வேளை ஒரு நாளுக்கு மேலும், எங்காவது படுத்துக் கிடந்து சாகும். கான் (வடிகால்) வழியே இறங்கி, ஓடை வரை தொடர்ந்தோம். தண்ணீரோடு தடமும் போயிற்று. ஏழாம் நம்பர் மலையில் அன்றும் மறுநாளும் கொழுந்துக்கு ஆள் விட முடியவில்லை; குனிந்து கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு நடுவே வலியோடு ஒரு பன்றி கிடந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்ட மேலாளரான துரைக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை, கீழ் லயத்தில் இருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, தன் வீட்டுத் தகரக் கூரையில் புதிதாக விழுந்திருந்த ஒரு நெளிவைக் காட்டினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்து நீட்டினார். கொண்டைக்கடலை அளவான, ஒரு பக்கம் தட்டையாகிப்போன ஈயம். “இது ஒங்களுதாங்களா ஐயா?” என்று கேட்டார். கேலியோ கோபமோ அதில் இல்லை. வாசலில் கிடந்த பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்கும் பாவனைதான் இருந்தது. பன்றி நின்ற இடத்திலிருந்து அந்தக் கூரை 150 யாருக்கும் மேலே. நான் பன்றியைப் பார்த்தேனே தவிர, பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையைக் கொன்று, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது என்று பள்ளியில் படித்து வியந்திருக்கிறோம். துவக்குப் பொறுப்பில் இருப்பவனுக்கு அது வியப்புக்குரிய செய்தி அல்ல. ஒரு பெரிய ரைபிளின் சன்னம் (குண்டு), தடுப்பு ஏதுமில்லாவிட்டால், நான்கு கிலோமீட்டர் வரை போகக்கூடியது. தூரம் கூடக் கூட, விலங்கின் பின்னால் இருக்கும் மண் மேடு நிஜமாகவே மேடுதானா, அல்லது இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பாதை ஒளிந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நான் ஓய்வு பெற்று இரண்டாம் ஆண்டு, 2018இல், எங்கள் கோயில் திருவிழாவுக்கு என் அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறான். அனுமதிப்பத்திரம் எடுத்து இலையுதிர் காலத்தில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போகிறவன். (எங்கள் மரையையும் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் எல்க் என்றுதான் எழுதி வைத்தார்கள். அது வேறு, இது வேறு என்று அவனுக்கு விளக்கவே அரை மணி நேரம் போயிற்று.) கைப்பேசியில் அவன் ஒரு காணொலியைக் காட்டினான். 640 மீட்டருக்கு அப்பால் ஒரு கொம்பன் எல்க் புல் மேய்கிறது, வெடிச் சத்தம் கேட்கிறது, சற்றுப் பொறுத்து அது மடிந்து விழுகிறது, பின்னணியில் கைதட்டல். சுட்டவன் அவனுடைய நண்பன்.

அந்த வாரம் ஒரு மாலை இருவரும் அதே மேல் ரோட்டில் நின்றோம். தூரம் அளக்கும் லேசர் பொருத்திய இருகண் தொலைநோக்கி அவனிடம் இருந்தது. எதிர்ச் சரிவில் தண்ணீர் விழும் பீலியில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அளந்து பார்த்தான், 610 மீட்டர். துணி கல்லில் விழுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அவள் துணியை மறுபடி தலைக்கு மேலே தூக்கிய பிறகுதான் முந்தைய அடியின் ஓசை எங்களிடம் வந்து சேர்ந்தது. “இதாலதான் மாமா சொல்றேன், அது பார்க்கிற அளவுக்கு லேசு இல்ல” என்று ஆரம்பித்து, அவன் கணக்கைச் சொன்னான். அவர்கள் பயன்படுத்தும் வகை ரைபிளில், கிட்டத்தட்ட 180 மீட்டருக்குக் குறி சீர்செய்திருந்தால், 640 மீட்டரில் சன்னம் ஏறத்தாழ மூன்று மீட்டர் தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்வைத் தொலைநோக்கியின் திருகால் ஈடு செய்யலாம், அது வெறும் கணக்கு. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் குறுக்குக் காற்று அதே சன்னத்தை ஒரு மீட்டர் அளவுக்கு ஒதுக்கிவிடும். காற்றை ஐந்து கிலோமீட்டர் தவறாக மதித்தால் ஓர் அடி பிசகும். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ குறுக்காக 40 சென்ரிமீட்டர் அளவுதான். நடுவிலிருந்து ஓர் அடி விலகினால், அது எங்கள் காவல்காரர் இலையில் மோந்து பார்த்த இடம்.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காற்றை யார் மதிப்பிட முடியும்? மேல் ரோட்டில் கச்சான் முகத்தில் அடிக்கும்போது, நடுவில் ஓடைக்கு மேலே மூட்டம் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் புல்வெளியான பத்தனையில் புல் அசையாமல் நிற்கும். சரிவும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 30 பாகைச் சாய்வில் 400 மீட்டர் என்று கருவி காட்டினால், சன்னத்தின் வீழ்ச்சிக்கு அது 346 மீட்டர்தான். அதை மறந்தவனுக்கு மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் குறி உயரத்தான் போகும். “பள்ளத்துக்கு வச்சாலும் மேட்டுக்கு வச்சாலும் கீழ புடிங்க” என்று காவல்காரர் சொல்வார். அவருக்குக் கோணமும் தெரியாது, கொசைனும் தெரியாது. இவை எல்லாவற்றையும் சரி செய்துவிட்டாலும், சன்னம் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதற்குள் மேய்கிற விலங்கு ஓர் அடி எடுத்து வைப்பதை எந்தக் கருவி தடுக்கும்?

பெரிய விலங்கு வேட்டைக்காரர்களே இதில் ஒருமனப்பட்டு இல்லை. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் அமெரிக்காவில் தொடங்கிய பூன் அன்ட் குரொக்கெட் கழகம், விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணரவே முடியாத தூரத்திலிருந்து சுடுவது நேர்மையான வேட்டை அல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. இத்தனை மீட்டர் என்று அது எல்லைக்கல் நடவில்லை. கருவியையும் தன் திறமையையும் உயிருள்ள இலக்கில் பரீட்சித்துப் பார்ப்பதுதான் நோக்கமா என்று கேட்கிறது. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. என் 80 யார், மருமகனின் நண்பனுடைய 640 மீட்டருக்குச் சமமானதுதான். அன்று கிழங்கைக் காப்பாற்ற நான் சுடவில்லை, படுகிறதா பார்ப்போம் என்றுதான் சுட்டேன்.

கிட்டே போய்ச் சுட்டவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு மரையைத் துரத்தி, கத்தியால் குத்தி முடித்தார். இவர்கள் விலங்கின் மூச்சு படும் தூரத்தில் நின்றவர்கள். இன்று ஹோர்ட்டன் சமவெளியில் மரை மேய்கிறது, யானை இல்லை.

ஆனால் தூரத்துக்கு நெருங்கிய உறவு ஒன்று எங்கள் மலைகளிலேயே இருக்கிறது: விலங்கு தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படியொரு சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி, சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் செத்துப்போயிற்று. சுருக்கு வைத்தவன் அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பான். மாட்டுவது எது என்று அவன் தெரிவு செய்வதில்லை. அது படும் பாட்டை அவன் பார்ப்பதும் இல்லை. 640 மீட்டரில் சுடுகிறவன் தெரிவு செய்கிறான், அந்த அளவுக்கு அவன் மேல். பார்ப்பதைப் பொறுத்தவரை இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். காயப்படுத்திய விலங்கை மீட்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்காதது குற்றம் என்று தங்கள் மாகாணச் சட்டத்தில் இருப்பதாக மருமகன் சொன்னான். “அப்ப உங்க ஆள் போய்ப் பாத்தானா?” என்று கேட்டேன். அந்தக் கொம்பனைப் பார்த்தானாம். அதற்கு முந்தைய வருடம் சுட்ட ஒன்றை, பட்டதா இல்லையா என்றே தெரியாமல், தவறிவிட்டது என்று முடிவு கட்டித் திரும்பிவிட்டார்களாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப் பத்தனையின் ஓரத்தில், காட்டை ஒட்டி, ஒரு பெட்டை மரை வெளியே வந்து நின்றது. மருமகன் தொலைநோக்கியை வைத்து, “654” என்றான். சிவப்புப் பூப் பூத்த ஒற்றை மரம் ஒன்றுக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளி அது நின்றது. காலையில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். சிரித்தான், ஆனாலும் வந்தான்.

ஓடைக்கு இறங்கி, கானைப் பிடித்து ஏறி, பற்றையை விலக்கிப் பத்தனைக்கு வர ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. அங்கே ஒற்றை மரம் இல்லை. முன்னும் பின்னுமாக ஐந்து மரங்கள், எல்லாவற்றிலும் சிவப்புப் பூ. மேல் ரோட்டைத் திரும்பிப் பார்த்தோம், நாங்கள் நின்ற வளைவு எது என்பதும் புரியவில்லை. புல்லில் குளம்படி தேடி அவன் அங்கும் இங்கும் குனிந்து நடந்தான். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து, “எந்த மரம் மாமா?” என்றான்.

2003 ஜூலை மாதப் பக்கத்தில் அந்த வரியின் ஆறாம் நிரல் வெறுமையாகவே இருக்கிறது. பொறுப்பை ஒப்படைத்த அன்று, புதிதாக வந்த தம்பி அதைக் காட்டி, “இதுல என்ன எழுதணுங்கய்யா?” என்று கேட்டார். அப்படியே விடச் சொன்னேன்.